தடை மட்டும் போதாது, மாற்றுக் காணி எங்கே? கல்முனைக் கடற்கரையிலிருந்து கண்டி ஆற்றங்கரைக்கு ஒரு பாடம்

டித்வா புயல் கடந்து சென்ற பிறகு கண்டி மாவட்டத்து முஸ்லிம் ஊர்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. ஆற்றோரத்தில் இருக்கும் வீடுகளையும் கடைகளையும் உடைப்பார்களா? மலைச் சரிவில் அபாயம் என்று அறிவிக்கப்பட்ட வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா? போகக் கூடாது என்றால் எங்கே போவது?

2025 நவம்பர் இறுதியில் வீசிய அந்தப் புயல் நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. மாவட்ட ரீதியாகப் பார்த்தால் கண்டியில்தான் உயிரிழப்பு அதிகம். கம்பளை, கெலிஓயா, பேராதனை என மகாவலி ஓடும் வழியெங்கும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. மேலே மலை சரிந்தது, கீழே ஆறு பெருகியது. இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

இப்போது அதிகாரிகள் சொல்வது நியாயமானதுதான். ஆற்று ஒதுக்குப் பகுதியில் கட்டாதீர்கள், மண்சரிவு அபாயப் பகுதியில் மீண்டும் குடியேறாதீர்கள் என்கிறார்கள். மறுத்துப் பேச முடியாத அறிவுரை. ஆனால் இதே அறிவுரையை இந்த நாட்டு முஸ்லிம்கள் 20 ஆண்டுகளுக்கு முன்பு இன்னோர் இடத்தில் கேட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டு கண்டியில் கோடு கிழிக்கப் போனால் அதே தவறுகள் இங்கும் நடக்கும்.

கிழக்கில் கிழிக்கப்பட்ட கோடு

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அங்கே மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது உள்ளிட்ட கரையோர முஸ்லிம் ஊர்கள் ஒரே காலைப் பொழுதில் சிதைந்தன. ஜனாஸாக்களை அடக்கி முடிப்பதற்குள்ளேயே, 2005இன் ஆரம்பத்தில், அரசாங்கம் கடற்கரையில் கட்டடத் தடை வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர்.

அதற்கு முன்பும் கரையோரத்துக்குச் சட்டம் இருந்தது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் வரையான பகுதியைக் கரையோர வலயம் என்று வரையறுத்தது. அந்த வலயத்துக்குள் கட்டுவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதைக் கரையின் தன்மை, அரிப்பின் அளவு ஆகியவற்றைப் பார்த்துக் கரையோர முகாமைத்துவத் திட்டம் இடத்துக்கு இடம் தீர்மானித்தது. நிபுணர்கள் ஆராய்ந்து செய்த ஏற்பாடு அது. சுனாமிக்குப் பின் வந்த 100, 200 மீட்டர் கோடு அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே அளவுகோலால் கிழிக்கப்பட்டது.

மீட்டர் கணக்கு மட்டும் பாதுகாப்பைத் தீர்மானிப்பதில்லை. கடலுக்கு அருகே உயர்ந்த மணல்மேட்டின் பின்னால் இருந்த வீடு தப்பியதும் உண்டு, வெகு தூரத்தில் தாழ்நிலத்தில் இருந்த வீடு அள்ளுண்டு போனதும் உண்டு. யால பகுதியில் மணல்மேடுகள் குலையாமல் இருந்த இடங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன, மேட்டை வெட்டிக் கட்டடம் கட்டிய இடத்தில் என்ன நடந்தது என்பதை ஆய்வாளர்கள் அப்போதே எடுத்துக்காட்டினார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை நிலம்தான். கல்முனைக் கரையோர ஊர்களின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு 200 மீட்டர் என்றால் என்னவென்று புரியும். கிழக்கே கடல். மேற்கே வயல். இரண்டுக்கும் இடையில் ஒரு குறுகிய நிலப்பட்டி. அதில்தான் வீடு, பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, மையவாடி எல்லாம். அந்தப் பட்டியில் 200 மீட்டரை எடுத்துவிட்டால் ஊரின் பெரும் பகுதி போய்விடும். பின்னால் தள்ளிப் போகலாம் என்றால் அங்கே வயற்காணி. வயலை நிரப்பிக் குடியிருப்பாக்க கமநல அபிவிருத்திச் சட்டம் இலகுவில் இடம் கொடுக்காது. ஆக, முன்னால் கட்டக் கூடாது, பின்னாலும் கட்டக் கூடாது. இடையில் கூடாரமும் தற்காலிகக் கொட்டிலும்தான் மிஞ்சின.

கோடு எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்கவில்லை. முற்றாக அழிந்த வீட்டைத் தடை வலயத்துக்குள் திரும்பக் கட்ட முடியாது, பகுதியளவில் சேதமடைந்த கட்டடத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஓலைக் குடிசையும் ஒற்றைச் செங்கல் வீடும் முற்றாகப் போய்விடும். கொங்கிரீட் ஹோட்டலின் எலும்புக்கூடாவது நிற்கும். சட்டத்தின் வார்த்தையில் பாகுபாடு இல்லை, விளைவில் இருந்தது. பொத்துவில் அறுகம்பேயில் மீனவர்களைக் கரையிலிருந்து விலகச் சொன்ன அதே காலத்தில்தான் பெரும் சுற்றுலா அபிவிருத்தித் திட்டமும் முன்வைக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் அதை எதிர்த்தது இதனால்தான்.

கடைசியில் 2005ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. பல இடங்களில் பழைய கரையோர முகாமைத்துவத் திட்டத்தின் அளவுகளுக்கே திரும்பினார்கள். கல்முனைப் பகுதியில் அது 65 மீட்டராகக் குறைந்தது. மருதமுனையில் '65 மீட்டர் வீட்டுத் திட்டம்' என்ற பெயரே இன்றுவரை நின்றுவிட்டது. ஏறக்குறைய ஓராண்டு காலம் மக்களைக் கட்ட விடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு கட்டலாம் என்றார்கள். அந்த இடைவெளியில் இழந்த காலத்தையும், திரும்பிப் போன உதவியையும் யாரும் ஈடு செய்யவில்லை.

மாற்று வீடு கட்டிய இடத்திலும் கதை சுபமாக முடியவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியுதவியில் 500 வீடுகள் எழுந்தன. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் என ஒரு முழுக் கிராமம். ஆனால் யாருக்குப் பகிர்வது என்ற இனவிகிதாசாரச் சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை போனது. வீடிழந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீடுகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன. வீடு கட்டுவதற்கு முன்பே காணி யாருடையது, பயனாளி யார் என்பதை எழுத்தில் தீர்த்துக்கொள்ளாததன் விலை அது.

கண்டியில் இரண்டு கோடுகள்

கரையோர ஊருக்கு ஒரு பக்கம்தான் அபாயம். மலையகத்தில் கீழே ஆறு, மேலே சரிவு. அதனால் இங்கே இரண்டு கோடுகள் தேவைப்படுகின்றன.

ஆற்றுக்கு ஒதுக்கு ஏன் வேண்டும்? ஆறு என்பது நாம் வெயில் காலத்தில் பார்க்கும் நீரோட்டம் மட்டுமல்ல. பெருமழை நாளில் அது விரிந்து நடக்கும் அகலமும் ஆற்றுக்கே உரியது. அந்த அகலத்தில் ஒருவர் மதில் எழுப்பினால் தண்ணீர் எதிர்க்கரையைத் தாக்கும். இரண்டு பக்கமும் எழுப்பினால் மேல்பக்கத்தில் மட்டம் உயரும். பாலத்துக்குக் கீழே மரமும் குப்பையும் அடைத்தால் ஊருக்குள் திரும்பும். மலையை வெட்டி வீட்டுக்குச் சமன் செய்யும்போது கழுவிவரும் மண் ஆற்றின் அடியில் படிந்து அதன் ஆழத்தைக் குறைக்கும். ஆகவே மேலே நடக்கும் தவறும் கீழேதான் வெள்ளமாக வருகிறது.

இதற்கு நம் கண்முன்னே இருக்கும் உதாரணம் அக்குறணை. பிங்கா ஓயா அந்த நகரின் ஊடாக ஓடி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியுடன் கலக்கிறது. சிறிய ஓயாதான். ஆனால் சுற்றிவரச் செங்குத்தான மலைகள். மேலே கொட்டும் மழை சில மணித்தியாலங்களில் நகருக்குள் இறங்கிவிடுகிறது. கண்டி - மாத்தளை வீதியில் தண்ணீர் நிற்பதும், கடைக்காரர்கள் இரவோடு இரவாகச் சரக்கை மேல்மாடிக்கு ஏற்றுவதும் அங்கே பழகிப்போன காட்சி. ஓயாவின் இடத்தைக் கட்டடங்கள் நெருக்கிவிட்டன என்பது அதிகாரிகள் மட்டும் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல. அக்குறணைக்காரர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உண்மை.

ஏன் நெருக்கின? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. மக்கள் தொகை பெருகியது. பிள்ளைகளுக்குக் காணி பிரிக்க வேண்டியிருந்தது. நகரைச் சுற்றி மலை, அதற்கப்பால் மற்றவர்களின் காணி. ஒரு பேர்ச் காணியின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பள்ளிவாசலுக்கும் உறவினருக்கும் அருகே வாழ வேண்டும் என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஆழமானது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் நடந்தவற்றைப் பார்த்தவர்களிடம் போய், தனியாக வேறு ஊரில் காணி வாங்குங்கள் என்று சொல்வது எளிதல்ல. கல்முனையில் கடலும் வயலும் நெருக்கியது போல இங்கே மலையும் விலையும் அச்சமும் நெருக்குகின்றன.

இவையெல்லாம் காரணங்கள்தான், நியாயங்கள் அல்ல. ஓயாவுக்குள் தூண் இறக்கியவர் தன் கடையை மட்டும் ஆபத்தில் போடவில்லை, மேல்பக்கத்தில் இருக்கும் ஏழையின் வீட்டுக்குள்ளும் தண்ணீரைத் திருப்பிவிட்டார். நம் மார்க்கச் சட்டத்துக்கும் இது புதிதல்ல. கிணறு, ஊற்று, ஆறு ஆகியவற்றைச் சுற்றி 'ஹரீம்' என்ற பாதுகாப்பு எல்லையை ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தார்கள். அந்த எல்லைக்குள் தனியார் கட்டிக்கொள்ள முடியாது. உஸ்மானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா சட்டத் தொகுப்பில் இதற்கென்றே விதிகள் உண்டு. பெரிய ஆற்றுக்கு அதன் அகலத்தைக் கொண்டே ஹரீமின் அளவைக் கணக்கிட்டார்கள். ஆற்று ஒதுக்கு என்றதும் அது நம்மைக் குறிவைத்து வந்த சட்டம் என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மீரியபெத்தையும் மரடுவும் சொல்வது

இரண்டாவது கோடு மலைச் சரிவில் கிழிக்கப்படுவது. கண்டி போன்ற மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்து வைத்திருக்கிறது. கட்டடம் கட்டுவதற்கு அதன் சிபாரிசு அறிக்கை தேவை. எச்சரிக்கை விடுவதில் அந்த நிறுவனம் பின்நிற்பதில்லை. ஆனால் எச்சரிக்கைக்குப் பிறகு என்ன?

2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மக்கள் ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டார்கள். எங்கே போவது? தோட்டத் தொழிலாளருக்குச் சொந்தக் காணி இல்லை, மாற்று இடத்தை எவரும் காட்டவில்லை. தப்பியவர்களுக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். அனர்த்தத்துக்குப் பிறகு கிடைத்த காணி அனர்த்தத்துக்கு முன்பு கிடைத்திருந்தால் அத்தனை பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. கொச்சிக்கு அருகே மரடுவில், கரையோர ஒழுங்குவிதிகளை மீறிக் காயலோரத்தில் கட்டிய நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்கும்படி 2019இல் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சட்டம் வென்றது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தக் கட்டடங்களுக்கு 2006இல் அனுமதி கொடுத்தது உள்ளூராட்சி நிர்வாகமே. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் வெளியேறின. ஒருவருக்கு இடைக்கால நட்டஈடாக 25 இலட்சம் இந்திய ரூபா கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். சட்டத்தை ஆரம்பத்திலேயே அமுல்படுத்தியிருந்தால் ஒரு செங்கல்கூட விழுந்திருக்காது.

மாற்றிடம் கொடுக்காமல் விட்டால் எச்சரிக்கை வெறும் காகிதமாகிவிடும் என்பதை மீரியபெத்தை காட்டுகிறது. அனுமதி கொடுக்கும் மேசையில் கண்ணை மூடிக்கொண்டால் கடைசியில் வாங்கியவன்தான் தண்டனை அனுபவிப்பான் என்பதை மரடு காட்டுகிறது. கண்டியில் இந்த இரண்டு தவறுகளும் ஒன்றாக நடந்துகொண்டிருக்கின்றன.

என்ன கேட்க வேண்டும்?

முற்றாக வீடிழந்தவர்களுக்குப் புதிய வீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. முன்னைய அனர்த்தங்களுடன் ஒப்பிடுகையில் இது பெரிய தொகை, பாராட்ட வேண்டும். ஆனால் பணம் காணியைப் படைத்துவிடாது. ஒரே பிரதேசத்தில் நூற்றுக்கணக்கானோர் கையில் காசுடன் பாதுகாப்பான காணி தேடினால் விலை இன்னும் ஏறும். கிடைக்காதவர் பழைய இடத்துக்கே திரும்புவார், அல்லது இன்னொரு சரிவை வெட்டுவார். ஆகவே நம் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் வைக்க வேண்டிய கோரிக்கை, உடைக்காதீர்கள் என்பது அல்ல. கோட்டை நியாயமாகக் கிழியுங்கள், காணியை முதலில் காட்டுங்கள் என்பதே.

முதலாவது, ஆற்று ஒதுக்கும் மண்சரிவு அபாயப் பகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற வரைபடம் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக ஒட்டப்பட வேண்டும். தன் வீடு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒருவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்து தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது. தவறு என்று நினைப்பவர் மேன்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும்.

இரண்டாவது, மாற்றுக் காணி அதே பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அல்லது அடுத்த பிரிவில், தொழிலுக்கும் பாடசாலைக்கும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளில் பாதுகாப்பானவை எவை என்று ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையுடன் அடையாளம் காண முடியும். பகிர்வின் அளவுகோல் இழப்பாக மட்டுமே இருக்க வேண்டும். ஒரே சரிவில் வீடிழந்த சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அனைவருக்கும் ஒரே வரிசை. உறுதிப் பத்திரம் வீட்டுச் சாவியுடன் சேர்த்தே கைக்கு வர வேண்டும். நுரைச்சோலை மீண்டும் வேண்டாம்.

மூன்றாவது, கோடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிங்கா ஓயாவின் கரையில் இருக்கும் சில்லறைக் கடைக்கு ஒரு சட்டமும், மகாவலியைப் பார்த்தபடி எழும்பும் ஹோட்டலுக்கு வேறு சட்டமும் இருந்தால் மக்கள் நம்ப மாட்டார்கள். அரச கட்டடமும் வணக்கஸ்தலங்களும் இதில் அடங்கும். பள்ளிவாசலின் மதில் ஓயாவுக்குள் இருந்தால் அதை நாமே முதலில் உள்ளே எடுக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்களின் மீறலைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்கும்.

நான்காவது, அனுமதி கொடுத்தவரும் பொறுப்புக்கூற வேண்டும். ஒதுக்குக்குள் கட்டிய கட்டடத்துக்கு மின்சாரமும் நீரும் வரிப்பதிவும் எப்படிக் கிடைத்தன என்பதற்குக் கோப்பு இருக்கும். உள்ளூராட்சித் தேர்தல் வரும்போது கண்டும் காணாமல் விடுவதும், வெள்ளம் வந்ததும் சட்டவிரோதம் என்பதும் நிறுத்தப்பட வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை நம்மிடமே. புயலின்போது நம் பள்ளிவாசல்கள் இன மத பேதமின்றிச் சமைத்துக் கொடுத்தன, சேறு அள்ளின. அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒழுங்கமைப்பைக் காணி விடயத்துக்கும் பயன்படுத்தலாம். ஆற்று ஒதுக்கிலோ அபாயச் சரிவிலோ வீட்டைத் திரும்பக் கட்ட நிதி கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு மஹல்லாவும் முடிவெடுக்கட்டும். அதே பணத்தைச் சேர்த்து பாதுகாப்பான இடத்தில் கூட்டாகக் காணி வாங்கி, வசதியற்றவர்களுக்கு வக்பு அடிப்படையிலோ தவணை முறையிலோ கொடுக்கலாம். ஒரே காணியில் மேல்நோக்கிக் கட்டும் தொடர்மாடி வாழ்க்கைக்கும் நாம் மனதைத் தயார்படுத்த வேண்டும். காணி வாங்கும் ஒருவர் விலையையும் வீதி அகலத்தையும் மட்டும் விசாரிக்காமல், ஒதுக்கு எல்லையையும் மண்சரிவு அறிக்கையையும் கேட்டு வாங்குவது வழக்கமாக வேண்டும்.

அனர்த்தம் நடந்த சூட்டில் எல்லோரும் கோடு பற்றிப் பேசுவார்கள். 2005இலும் பேசினார்கள். மழை ஓய்ந்து, பத்திரிகைகள் வேறு விடயத்துக்குப் போய், ஒரு தேர்தலும் வந்துவிட்டால் கோடு மெதுவாக அழிந்துவிடும். ஆறு மட்டும் தன் அகலத்தை மறக்காது. அடுத்த பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு பிரதேச செயலகத்திடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்களை எங்கிருந்து எழும்பச் சொல்கிறீர்கள் என்பது தெரிந்துவிட்டது, எங்கே இருத்தப் போகிறீர்கள்? அதற்கு வரைபடத்தில் விரல் வைத்துப் பதில் சொல்லும் நாளில், ஓயாவோரக் கடையின் சாவியைக் கொடுக்கும்படி நம்மவர்களிடம் சொல்ல நானும் முன்வருவேன்.